மூண்டாவது பைக்கற்

கேள்வி கேக்கிறதுதான் அப்ப என்ர உத்தியோகம். வெள்ளவத்தையில, காலி வீதியில, ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில எங்கட ஒபீஸ். திங்கட்கிழமை காலமை ஒம்பது மணிக்குப் போனைத் தூக்கினன் எண்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கீழ வைப்பன். ரோட்டில பஸ்காரங்கள் தொண்டை கிழியக் கத்துவாங்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்றக் காதால கேப்பன். கொட்டாஞ்சேனையில ஒரு தோட்டத்து வீடுகளுக்கு ஒவ்வொண்டா அடிச்சு மூண்டே மூண்டு கேள்வி. மா கிடைச்சதோ? பிள்ளைகள் சாப்பிட்டினமோ? நாங்கள் என்னத்தை மாத்தவேணும்?

கொழும்பில தோட்டம் எண்டால் மரமும் செடியும் இல்லை. ஒரு ஒழுங்கை, ஒரு குழாய், அந்தக் குழாயை நம்பி நாப்பது வீடு. வீடு எண்டு மரியாதைக்குச் சொல்லுறன், எல்லாம் ஒற்றை அறைகள். அங்க அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைகளுக்கு எங்கட திட்டம் சத்துமா குடுத்தது. பிள்ளைக்கு ஒரு பைக்கற், கிழமைக்கு ஒருக்கா. காசு வெளிநாட்டுக்காரரின்ர. பிள்ளைகளை நிறுத்து, நிறையைக் கொப்பியில எழுதி, எல்லாத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து, ஒபீஸ் சுவரில ஒரு பெரிய தாளில கோடு கீறுவம். கோடு ஏறவேணும். அதுதான் எல்லாற்ற வேண்டுதலும்.

நான் இதில சொல்லப்போறது ஒரு பிள்ளையின்ர சாப்பாட்டைப் பற்றி. ஒரு பதிவிலயும் இல்லாத ஒரு பொம்பிளைப் பிள்ளை. அதுக்குச் சாப்பாடு குடுக்கிறன் எண்டு வெளிக்கிட்டு, அது ஒளிச்சிருந்த இடத்தையும் இல்லாமல் ஆக்கினவள் நான். இத்தனை வருசத்துக்குப் பிறகும் அதை நினைச்சால் என்ர புத்தியை நானே செருப்பால அடிக்கவேணும் போல இருக்கும்.

எங்கட வேலை முறையைக் கொஞ்சம் சொல்லவேணும். முந்தின திட்டங்களில எல்லாம் மூண்டு வருசம் குடுத்து முடிச்சுப்போட்டு, நாலாம் வருசம் ஒரு பெரியவர் வந்து தடிச்ச புத்தகமா எழுதிக் குடுத்திட்டுப் போவார், இது சரிவரேல்லை எண்டு. சரிவரேல்லை எண்டு தெரியேக்குள்ள பிள்ளை வளந்து பள்ளிக்கூடம் போயிடும். அதால இந்த முறை வெளிநாட்டில இருந்து ஒரு நிபுணர் வந்து ரெண்டு நாள் வகுப்பு எடுத்தவர். காத்திருக்காதேங்கோ, கிழமைக்குக் கிழமை சனத்திட்டக் கேளுங்கோ, பிழையெண்டால் அடுத்த கிழமையே மாத்துங்கோ எண்டார். திங்கள் கேக்கிறது, புதன் கூட்டம், அடுத்த முறை மாத்தினபடி மா குடுக்கிறது. நாங்கள் அதுக்கு 'சுடச்சுட' எண்டு பேர் வைச்சிருந்தனாங்கள். திங்கட்கிழமை எண்டால் பியோன் ஐயா தேத்தண்ணியை வைச்சுப்போட்டு, "இண்டைக்குச் சுடச்சுடவோ?" எண்டு நக்கலாக் கேப்பார்.

பொய் சொல்லக்கூடாது, முதல் மாதங்கள் அது நல்லா வேலை செய்தது. செவ்வாய்க்கிழமைகளில மா குடுக்கப் போனால் அரைவாசிப் பேர் வரமாட்டினம். போனில கேட்டன். செவ்வாய் அந்தோனியார் கோயில் நாள் மிஸ், ஆர் வீட்டில நிப்பினம் எண்டிச்சினம். அடுத்த கிழமையே வியாழனுக்கு மாத்தினம். மா கட்டிபடுகுது எண்டிச்சினம். கொதிதண்ணியில கொட்டாமல் முதல் பச்சைத்தண்ணியில கரைக்கச் சொல்லித் துண்டு அடிச்சுக் குடுத்தம். தண்ணி காலமை பத்து மணி வரைக்கும்தான் வரும், வாளியை விட்டிட்டு வர ஏலாது எண்டிச்சினம். நான் சொன்னன், அப்ப குழாயடியிலயே குடுப்பம், தண்ணிக்கு நிக்கிற நேரத்தில மாவையும் வாங்கட்டும். புதன்கிழமைக் கூட்டத்தில எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தினம். எனக்குத் தலைகால் தெரியாத புளுகம்.

ஆனா கோடு ஏறேல்லை.

மா போகுது, பைக்கற் கணக்குச் சரி, கேட்ட எல்லாரும் "எல்லாம் நல்லம் மிஸ்" எண்டினம், பிள்ளைகளின்ர நிறை மட்டும் அசையுதில்லை. எல்லாப் பிள்ளைகளும் இல்லை. கனபேர் ஏறிச்சினம். ஏழெட்டு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் நிண்ட இடத்திலயே நிண்டு, முழுக் கோட்டையும் பிடிச்சுக் கீழ இழுத்துக்கொண்டிருந்தவை. நிபுணரின்ர சட்டத்தில இன்னொண்டு இருந்தது. ரெண்டு மாதம் கோடு ஏறாட்டி அந்த இடத்தை மூடிப்போட்டு, மாவை வேற இடத்துக்குக் கொண்டுபோகவேணும். பலன் இல்லாத இடத்தில கொட்டி என்ன பிரயோசனம் எண்டது அவரின்ர நியாயம். அதில ஒரு மாதம் ஏற்கெனவே போயிட்டுது.

எங்கட மேடம் சிங்களப் பொம்பிளை. தமிழை முறையாப் படிச்சு, கவனமா ஒவ்வொரு சொல்லாக் கதைப்பா. நல்ல மனுசி. அவ என்னைக் கூப்பிட்டு, போன் காணாது போல இருக்கு, நேர போய்ப் பாக்கிறீங்களா எண்டு கேட்டா. சொல்லாமல் கொள்ளாமல், சாப்பாட்டு நேரமாப் பாத்துப் போகச் சொன்னா. நான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் எடுத்தன்.

முதலாவதாப் போனது ஒழுங்கைக் கடைசியில இருக்கிற அறைக்கு. வன்னியில இருந்து வந்த ஒரு தாய், ரெண்டு பெடியள். மனுசன் கட்டாரில. போனில கதைக்கேக்குள்ள அந்தத் தாய்தான் எல்லாரையும் விடச் சந்தோசமா, "ஓம் மிஸ், ரெண்டு பேரும் வழிச்சு நக்குறாங்கள்" எண்டு சொல்லுறவ. கதவு அரைவாசி திறந்திருந்தது. நான் விசரி, தட்டவும் இல்லை, "அக்கா" எண்டு கூப்பிட்டுக்கொண்டே தலையை நீட்டினன்.

நிலத்தில ஒரு சட்டி. ரெண்டு பைக்கற் மாவும் அதுக்குள்ள. சட்டியைச் சுத்தி மூண்டு கோப்பை. பெடியள் ரெண்டு பேரும் கையில கோப்பையோட என்னைப் பாக்கினம். மூண்டாவது கோப்பைக்குப் பக்கத்தில ஒருத்தரும் இல்லை. கட்டிலுக்குக் கீழ துணி விலகினது. ஒரு பொம்பிளைப் பிள்ளை, மூண்டு வயசிருக்கும், கையூண்டித் தவழ்ந்து வந்து அந்தக் கோப்பையை இழுத்துக்கொண்டு திரும்பவும் உள்ளுக்குப் போச்சு. அழேல்லை, சத்தம் போடேல்லை. ஆள் வந்தால் கட்டிலுக்குக் கீழ போகவேணும் எண்டு அதுக்குப் பழக்கியிருந்தது. பசியில மறந்துபோய் ஒரு நிமிசம் வெளிய வந்திட்டுது.

அந்தத் தாயின்ர முகத்தை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன். எழும்பிக் கதவைச் சாத்தினா. அதுக்குப் பிறகு மெல்லமாச் சொன்னா.

"மிஸ், இதை எழுதிப்போடாதேங்கோ."

அது தங்கச்சியின்ர பிள்ளை. தங்கச்சி அங்கால, வன்னிக்குள்ள மாட்டுப்பட்டுப் போனா. தெரிஞ்ச ஒரு பொம்பிளை தன்ர பிள்ளை எண்டு சொல்லி வவுனியாச் சோதனைச்சாவடி தாண்டிக் கொண்டுவந்து விட்டிட்டுப் போனவவாம். பிறப்புப் பத்திரம் இல்லை. தேப்பன் எங்க எண்டு கேட்டால் சொல்ல ஏலாது. தங்கச்சியின்ர போனும் ரெண்டு மாதமா வேலை செய்யேல்லை. கொழும்பில தமிழ்ச் சனம் வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு பொலிஸில பதியவேணும், அந்தப் பதிவில அந்த அறைக்குத் தாயும் ரெண்டு பிள்ளையும்தான். மூண்டாவதைப் பதியப் போனால் ஆர் கொண்டுவந்தது, எப்பிடி வந்தது எண்டு நூலைப் பிடிச்சு எங்கயெல்லாமோ போகும். சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம் அது. கொழும்பில ஒரு தமிழ் வீட்டில பதிவுக்கு மேல ஒரு தலை கூட இருந்தால், அந்தத் தலைக்கு மட்டுமில்லை, முழு வீட்டுக்கும் பதில் சொல்லவேணும்.

எனக்குப் பிடரியில அடிச்ச மாதிரி இருந்தது. ஏனெண்டால் இது எனக்குத் தெரியாத விசயமே? வெள்ளவத்தையில நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸில நானும் அக்காவும்தான் பதிவு. சித்தப்பாவின்ர மகன் பதிவில்லாமல் ஏழு மாதம் எங்களோட கிடந்தவன். ஆர் போன் எடுத்து எத்தினை பேர் எண்டு கேட்டாலும், யோசிக்காமல் "ரெண்டு பேர்" எண்டு வாயில வரும். தபால்காரன் கேட்டாலும் ரெண்டு, காஸ் கொண்டுவாறவன் கேட்டாலும் ரெண்டு. அப்பிடிப்பட்ட நான், கிழமைக்குக் கிழமை போனை எடுத்து, வீட்டில எத்தினை பிள்ளை எண்டு கேட்டு, அவை சொன்ன பதிவுக் கணக்கை உண்மை எண்டு கொப்பியில எழுதிக்கொண்டு இருந்திருக்கிறன். வெட்கக்கேடு.

எழுதமாட்டன் எண்டு அந்தத் தாய்க்குச் சத்தியம் பண்ணினன். கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு பாத்தன். பிள்ளை கோப்பையை விரலால வழிச்சுக்கொண்டிருந்தது. கை அவ்வளவு மெல்லிசு. நான் நிறுக்கிற பிள்ளைகளில ஒண்டுக்கும் அப்பிடிக் கை இல்லை. வந்த பஸ்ஸில ஒரு பக்கமா இருந்து அழுதுகொண்டு வந்தன். பக்கத்தில இருந்த மனுசி சிங்களத்தில என்ன எண்டு கேக்க, தலையிடி எண்டு சொன்னன்.

அடுத்த ரெண்டு நாளும் மற்ற வீடுகளுக்குப் போனன். இந்த முறை தட்டிப்போட்டுத்தான் போனன். அந்த ஏழெட்டு வீட்டிலயும் அதே கதைதான். ஒரு வீட்டில அண்ணன்ர பிள்ளை, ஒரு வீட்டில ஆறு மாத வயித்தோட ஒரு தங்கச்சிக்காரி, இன்னொரு வீட்டில இரட்டைப் பிள்ளைகள். பதிவில உள்ள பிள்ளையின்ர மாவைப் பதிவில இல்லாதவை பங்குபோட்டால் பிள்ளை எங்கத்தையால நிறை வைக்கும்? மா பிழையில்லை, தாய்மார் பிழையில்லை. நாங்கள் எண்ணினது பிழை.

திங்கட்கிழமை மேடத்துக்குச் சொன்னன். பேர் சொல்லேல்லை. சில வீட்டில பங்கு போகுது, அதுக்குக் கூடக் குடுக்கவேணும் எண்டு மட்டும் சொன்னன். அவவுக்கு விளங்கிட்டுது. கனக்கக் கேக்கேல்லை. பின்னேரமே வெளிநாட்டுக்கு போன் எடுத்துச் சண்டை பிடிச்சு, புதன்கிழமை வாய்நிறையச் சிரிப்போட வந்தா. மேலதிகமாக் குடுக்கலாம், பேர் கேக்கமாட்டம், பிறப்புப் பத்திரம் கேக்கமாட்டம், எண்ணிக்கை மட்டும் போதும். மூண்டு வருசம் எடுக்கிற வேலையை மூண்டு நாளில முடிச்சிட்டம் எண்டு எனக்கு நிலத்தில கால் படேல்லை.

மேடம் ஒண்டே ஒண்டு கேட்டா. மா குடுக்கிற தாளில எண்ணிக்கை விழும், வழமை போலச் சாட்சிக் கையெழுத்தும் வேணும், அதால அந்தச் சனத்துக்கு ஒரு பிரச்சினையும் வராதா எண்டு. நான் யோசிக்காமல் சொன்னன், ஒண்டும் வராது மேடம் எண்டு. பெரிய கெட்டிக்காரி எண்ட நினைப்பு. திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை நாப்பது வீட்டைக் கேள்வி கேக்கிறவள், அந்த ஒரு தாயிட்ட, உங்களுக்கு மூண்டு எண்டு எழுதட்டோ எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. பேர் எழுதேல்லைத்தானே, பண்ணின சத்தியம் அப்பிடியே இருக்கு எண்டு நினைச்சு, நல்ல செய்தி எண்டு சந்தோசத்தில இருந்தன். நேர போய்க் கையில குடுத்து அவவைச் சிரிக்கவைக்க ஆசைப்பட்டன்.

சாட்சிக் கையெழுத்துப் போடுறது தோட்டத்து வீட்டுக்காரம்மா. அந்த ஒழுங்கையில அறுவது வயசுக் கத்தோலிக்கப் பொம்பிளை, புருசன் இல்லை, மகன் துறைமுகத்தில வேலை. கடைசி நாலு அறையும் அவவின்ர, வாடகைக்கு விட்டிருந்தா. அந்தத் தாய் இருந்ததும் அவவின்ர அறையில. வியாழக்கிழமைகளில குழாயடியில பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, மூக்குக்கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, ஆர் ஆருக்கு எத்தினை பைக்கற் எண்டு பாத்து வரிக்கு வரி கையெழுத்து வைப்பா. ஒரு வரியைக் கூட வாசிக்காமல் வைக்கமாட்டா. பொலிஸ் பதிவில வாடகைக்கு இருக்கிறவையின்ர பேருக்குக் கீழயும் அவவின்ர அதே கையெழுத்துத்தான்.

அந்த வியாழன் வாளிகள் வரிசையா நிண்டுது. நான் பேரைக் கூப்பிட, ஒவ்வொருத்தரா வந்து வாங்கிச்சினம். பங்கு போற வீடுகளில முதலாவதா அந்தத் தாய் வந்தா, பையை விரிச்சா. நான் மூண்டு பைக்கற்றை எடுத்து வைச்சன். வீட்டுக்காரம்மா தாளைப் பாத்தா. என்னைப் பாத்தா.

"மிஸ், இந்த வீட்டுக்கு ரெண்டு தானே?"

இந்தக் கிழமையில இருந்து மூண்டு எண்டு சொன்னன், அன்ரி எண்டும் சேத்துச் சொன்னன், செல்லமா.

"மூணாவது யாருக்கு?"

வரிசையில நிண்டவை எல்லாரும் எட்டிப் பாத்தினம். அந்தத் தாய் சட்டெண்டு ஒரு பைக்கற்றை எடுத்து என்ர மேசையில திருப்பி வைச்சு, மிஸ் பிழையா எழுதிப்போட்டா, எனக்கு ரெண்டுதான் எண்டா. கண்ணால என்னைக் கெஞ்சினா. அந்த இடத்தில, ஓம், நான்தான் மாறி எழுதிப்போட்டன் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் முடிஞ்சிருக்கும். எனக்கு விளங்கேல்லை. கடவுளே, எனக்கு உண்மையா விளங்கேல்லை. அவ கூச்சத்தில மறுக்கிறா எண்டு நினைச்சு, பைக்கற்றைத் திரும்ப எடுத்து அவவின்ர பைக்குள்ள திணிச்சன். பயப்பிடாதேங்கோ அக்கா, மேடம் சம்மதிச்சிட்டா, மூண்டும் உங்களுக்குத்தான் எண்டு சொன்னன். நாப்பது வீட்டுச் சனத்துக்கு முன்னால சொன்னன்.

வீட்டுக்காரம்மா பேனையை மூடித் தாளுக்கு மேல வைச்சா.

"நான் பார்க்காத வரைக்கும் எனக்குத் தெரியாது மிஸ். இப்ப நீங்க என்னைப் பார்க்க வச்சிட்டீங்க."

அப்பத்தான் எனக்கு விளங்கினது. அந்தத் தோட்டத்தில சுவர் எல்லாம் பலகை. கட்டிலுக்குக் கீழ இருக்கிற பிள்ளை இருமினால் நாலு வீட்டுக்குக் கேக்கும். எல்லாருக்கும் தெரியும், ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டுக்காரம்மாவுக்கும் அப்பிடித்தான். ஒழுங்கையில போகேக்குள்ள அந்த அறைக்கு முன்னால முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போறவ எண்டு பிறகு கேள்விப்பட்டன். எங்கட அனெக்ஸ் வீட்டுக்காரம்மாவும் அதே மாதிரித்தான், படியேற முன்னம் ரெண்டு தரம் இருமிப்போட்டுத்தான் ஏறுவா, சித்தப்பாவின்ர மகன் குசினிக்குள்ள போகட்டும் எண்டு. இந்த ஊரில நாங்கள் உயிரோட இருந்ததே அந்தத் தெரியாத்தனத்தாலதான். நான் அதைத் தாளில எழுதி, கையெழுத்துப் போடு எண்டு நீட்டியிருக்கிறன்.

மற்றச் சனம் போகும்வரைக்கும் நிண்டு வீட்டுக்காரம்மாவின்ர கையைப் பிடிச்சுக் கெஞ்சினன். புதுத் தாள் எழுதுறன், ரெண்டு எண்டு எழுதுறன், இதைக் கிழிச்சு எரிக்கிறன் எண்டு சொன்னன். அவ கத்தேல்லை, ஏசேல்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். போன வருசம் வாடகைக்கு இருந்த ஒரு பெடியனுக்குப் பதிவு இல்லை எண்டு அவவின்ர மகனைப் பொலிஸ்காரர் கொண்டுபோய் மூண்டு நாள் வைச்சிருந்தவையாம். திரும்பி வந்தவன் பிறகு ஒழுங்காக் கதைக்கிறதில்லை எண்டா. "நாப்பது பேர் பார்த்தாங்க மிஸ். எந்த வாய் எங்க போய்ப் பேசும்னு எனக்குத் தெரியுமா? எனக்கு இருக்கிறது ஒத்தப் பிள்ளை." அவவில பிழை பிடிக்க எனக்கு இண்டைக்கும் ஒரு வார்த்தை இல்லை.

வெள்ளிக்கிழமை காலமை முதல் பஸ்ஸில போனன். அறைக்கு ஆமைப்பூட்டு. முதல் நாள் பின்னேரமே ரெண்டு ஓட்டோவில ஏறிப் போட்டினமாம். எங்க எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வீட்டுக்காரம்மா அறையை விடச் சொல்லி, மிச்ச வாடகையைத் திருப்பிக் குடுத்து, பிள்ளைகளுக்குப் பாணும் வாழைப்பழமும் வாங்கிக் குடுத்து அனுப்பியிருக்கிறா. மூண்டாவது பைக்கற்றை அந்தத் தாய் கொண்டுபோகேல்லை. ஒபீஸ்ல குடுத்திடச் சொல்லி வீட்டுக்காரம்மாவிட்டக் குடுத்திட்டுப் போயிருக்கிறா. எனக்கு அதைக் கையில வாங்க ஏலாமல் கிடந்தது. வாங்கினன்.

திங்கட்கிழமை அந்த வீட்டு நம்பருக்கு அடிச்சன். நிப்பாட்டியிருந்தது. அடுத்த திங்களும் அடிச்சன். அதுக்குள்ள கதை பரவி, மற்ற அந்த ஏழு வீடும் ஒவ்வொண்டாக் கழண்டு போச்சு. சிலர் இடம் மாறிப் போட்டினம். சிலர் போனை எடுத்து, மா வேண்டாம் மிஸ், இனி எடுக்காதேங்கோ எண்டு மரியாதையாச் சொல்லிச்சினம். ஒருத்தி மட்டும், "நீங்கள் நல்லா இருப்பியளோ?" எண்டு கேட்டுப்போட்டு வைச்சா. எட்டு வீடும் காலி. அந்தச் சின்னன் எந்தக் கட்டிலுக்குக் கீழ, எந்த மாவை ஆரோட பங்குபோட்டுக் குடிக்குது எண்டு யோசிச்சு யோசிச்சு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. அக்கா சொன்னா, வேலையை விட்டிட்டுப் பேசாமல் வீட்டில இரு எண்டு. விட்டால் பிள்ளை வந்திடுமோ எண்டு அவவோட எரிஞ்சு விழுந்தன்.

மூண்டு கிழமை தொடர்ந்து பதில் இல்லாட்டி பேரை எடுத்துவிடவேணும் எண்டது எங்கட சட்டம். எட்டு வீட்டின்ர பேரையும் நான்தான் என்ர கையால வெட்டினன். அதுக்கு அடுத்த புதன்கிழமை, சுவரில கோடு ஏறினது.

ஏறாமல் என்ன செய்யும்? நிறை வைக்காத பிள்ளைகள் எல்லாரும் போட்டினம். மிச்சம் இருந்தவை நல்லாச் சாப்பிட்டவை. கோட்டைக் கீழ இழுக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை. கூட்டத்தில கை தட்டிச்சினம். வெளிநாட்டில இருந்து நிபுணர் போனில வந்து, மேலதிக பைக்கற் குடுக்கத் தொடங்கின பிறகுதான் மாற்றம் தெரியுது, கேட்டு மாத்தினதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை எண்டார். கேக் வெட்டினம். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

பின்னேரம் மேடத்தின்ர அறைக்குப் போய்க் கதவைச் சாத்திப்போட்டு நடந்ததை ஒண்டும் விடாமல் சொன்னன். அவவின்ர கண் கலங்கினது. பிறகு, கோடு பொய் எண்டு நான் இப்ப எழுதினால் கொட்டாஞ்சேனையை மூடிவிடுவாங்க, மிச்சப் பிள்ளைகளுக்கும் மா நிண்டுவிடும், நான் என்ன செய்ய எண்டு என்னட்டயே கேட்டா. கேக்கிறது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்ச தொழில். அறிக்கையில 'மாற்றம் பலன் தந்தது' எண்டு நான்தான் எழுதினன்.

பலன் தந்தால் பெருப்பிக்கவேணும். அதுவும் அவையின்ர சட்டம். அதே தாள், அதே எண்ணிக்கை, அதே சாட்சிக் கையெழுத்து, இப்ப தெமட்டகொடைக்கும் களனி ஆத்தங்கரைக்கும். ஒளிச்சிருக்கிற பிள்ளைகளைக் கண்டுபிடிச்சது நான் எண்டபடியால், எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு காட்ட என்னைத்தான் அனுப்பிச்சினம். முடியாது எண்டு சொல்ல மேடத்தின்ர வாசலில போய் நிண்டன். நான் போகாட்டி வேற ஆர் போவினம் எண்டு யோசிச்சன். அவை ஒளிச்சிருக்கிற பிள்ளைகளையும் ஒண்டும் விடாமல் நல்லா எழுதுவினம். உள்ளுக்குப் போகாமல் திரும்பி வந்தன்.

தெமட்டகொடையில முதலாவது வீடு, ரெயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில. ஒரு தாய் கதவை ஒரு சாண் திறந்து, வழியை மறிச்சுக்கொண்டு நிண்டா. எத்தினை பிள்ளை எண்டு கேட்டன். ரெண்டு எண்டா. ரெண்டு பேரும் அவவின்ர ரெண்டு பக்கத்திலயும் சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். அப்ப உள்ளுக்கு, திரைச்சீலைக்குப் பின்னால, ஒரு பிள்ளை இருமினது. தாய் என்னைப் பாத்தா. கையைப் பின்னால விட்டு ரீவீச் சத்தத்தைக் கூட்டினா.

நான் குனிஞ்சு தாளில ரெண்டு எண்டு எழுதினன். எனக்குக் கேக்கேல்லை எண்ட மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு, வடிவா, பெரிசா எழுதினன். அந்த மூண்டாவது பிள்ளைக்கு என்னால செய்யக்கூடிய உதவி, அது இல்லை எண்டு எழுதுறது மட்டும்தான். ரெண்டு பைக்கற்றை எண்ணிக் குடுத்திட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனன்.